மெட்டுகுடா ஆர்கான் வெல்டர்களுக்கு ஒரு மடல்

மெட்டுகுடா, லாலாகுடா, தார்நாகா பக்கத்துப் பட்டறைகளில் ஆர்கான் டார்ச் பிடிக்கும் தம்பிமாருக்கும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிமாருக்கும்,



வெல்டு கறுத்தால் உடனே ஃப்ளோ மீட்டரைத் திருகி கேஸைக் கூட்டுவது நம் பக்கத்தில் பழக்கமாகிப் போயிருக்கிறது. நிமிடத்துக்கு 8 லிட்டரில் நின்ற குண்டு 12-க்கு ஏறும். அப்போதும் கறுத்தால் 18. அதற்கும் மசியவில்லையென்றால் கேஸில் கலப்படம் என்று சொல்லி சிலிண்டர்காரருக்கு ஒரு போன். அவர் முனகிக்கொண்டே வேறு சிலிண்டரை இறக்கிவிட்டுப் போவார். அதிலும் கறுக்கும். அதற்குப் பிறகுதான் மெஷின் போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு என்னைப் போன்ற ரிப்பேர்காரர்களிடம் வருகிறீர்கள். திறந்து பார்த்தால் மெஷின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆகவே மெஷினைத் தூக்குவதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியவற்றை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சிலிண்டர் வாயிலிருந்து வெல்டுக் குட்டை வரைக்கும் கேஸ் போகும் பாதையில் ஏதோ ஓர் இடத்தில் ஆர்கான் வெளியே ஓடுகிறது, அல்லது வெளிக்காற்று உள்ளே வருகிறது. நீங்கள் குமிழைத் திருகுவதால் அந்த இடம் அடைபடாது. காற்று வரும் இடம் எதுவென்று தெரியாமல் கேஸைக் கூட்டினால் காசுதான் போகும். பல சமயம் வெல்டு இன்னும் மோசமாகும்.

கூட்டினால் எப்படி மோசமாகும் என்று கேட்பீர்கள். தண்ணீர்க் குழாயை லேசாகத் திறந்தால் கண்ணாடிக் கம்பி போலத் தெளிவாக விழும். முழுசாகத் திறந்தால் நுரைத்துச் சிதறும். அந்த நுரை முழுக்கக் காற்று. டார்ச் கப்பிலிருந்து இறங்கும் ஆர்கானும் அளவு மீறினால் இப்படித்தான் சுழன்று பக்கத்துக் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு குட்டையில் விழும். 6, 7 நம்பர் கப்புக்கு நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர் தாராளம். 18-இல் வைத்துக்கொண்டு கறுக்கிறதே என்று புலம்பும் தம்பி, அதை 8-க்கு இறக்கிப் பார்த்தாலே பாதி நாள் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நம் பேட்டைக்கு இரும்பு வேலை புதிதல்ல. லாலாகுடா ஒர்க்ஷாப் 1893-இல் நிஜாம் ரயில்வே காலத்தில் வந்தது. கன்டோன்மென்டையும் ரயில்வேயையும் நம்பி செகந்திராபாத்துக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. தாத்தா பார்த்தது ரிவெட், அப்பா பார்த்தது ராடு வெல்டிங். இப்போது எல்.எச்.பி. ரயில் பெட்டியின் உடலே துருப்பிடிக்காத எஃகு, அதாவது எஸ்.எஸ். வெளியே பட்டறைகளுக்கு வருவதும் அதுதான்: அபார்ட்மெண்ட் மாடிப்படி ரயிலிங், ஓட்டல் சமையலறை மேசை, சிங்க், பால் குழாய், தண்ணீர்த் தொட்டி. ராடு வெல்டிங்கில் ராடின் மேல்பூச்சே எரிந்து புகையாகவும் கசடாகவும் குட்டையை மூடிக் காப்பாற்றும். ஆர்கானில் அந்தப் பூச்சு கிடையாது. உருகிய எஃகுக்கும், 3,400 டிகிரி வரை உருகாமல் நிற்கிற டங்ஸ்டனுக்கும் ஒரே போர்வை அந்த கேஸ்தான். போர்வை ஓர் இடத்தில் விலகினாலும் ஆக்சிஜன் உள்ளே வந்துவிடும். டங்ஸ்டன் உருகாது என்றாலும் அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் எரியும்.

ரஸ்ஸல் மெரிடித் என்பவர் 1941-இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமானக் கம்பெனியில் இந்த முறையை உருவாக்கியபோது அவருக்கு வேண்டியிருந்தது மெக்னீசியத்தைப் பற்றவைக்க ஒரு வழி. உருகிய நிலையில் காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும் உலோகம் அது. முதலில் ஹீலியம்தான் விட்டார்கள். பிறகு ஆர்கான் வந்து நிலைத்தது. ஹீலியத்தைப் போல மேலே பறக்காமல் காற்றை விட ஏறக்குறைய 1.4 மடங்கு கனமாகக் குட்டை மேல் படிந்து நிற்பதும் அதற்கு ஒரு காரணம்.

சரி, காற்று வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சாட்சி டங்ஸ்டன். வெல்டை நிறுத்தி, கேஸ் நின்ற பிறகு நுனியைப் பாருங்கள். வெள்ளியாகப் பளபளத்தால் கேஸில் குறையில்லை. நீலமோ கறுப்போ ஏறியிருந்தால் சூடு ஆறுவதற்குள் காற்றுப் பட்டிருக்கிறது. கப்பின் உள்விளிம்பில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தால் அது டங்ஸ்டன் எரிந்த சாம்பல், டங்ஸ்டன் ஆக்சைடு. கணிசமாகக் காற்று வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆர்க் எரியும்போதே நுனி குண்டாகி ஓட்டை விழுந்த மாதிரி ஆனால், கேஸே வரவில்லை, அல்லது மிக் மெஷினின் கலவை சிலிண்டரை மாட்டியிருக்கிறீர்கள். ஒரே கொட்டகையில் மிக்கும் டிக்கும் இருந்தால் இது நடக்கும். ஆர்கானில் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தாலே டங்ஸ்டன் தாங்காது. நம் நாட்டில் ஆர்கான் சிலிண்டருக்கு நீல நிறம். நிறத்தோடு நில்லாமல் கழுத்தில் ஒட்டியிருக்கும் சீட்டையும் படியுங்கள்.

இரண்டாவது சாட்சி வெல்டின் நிறம். இங்கே அவசரப்பட்டு கேஸைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. எஸ்.எஸ்.-இல் வெள்ளி, வைக்கோல் மஞ்சள், தங்க நிறம் என்றால் கேஸ் சரியாகவே இருக்கிறது. ஊதா, நீலம் என்றால் இரண்டில் ஒன்று: ஆம்பியர் அதிகம், அல்லது கேஸ் போதவில்லை. ஆம்பியரைக் குறைத்து, கையை வேகமாக ஓட்டிப் பாருங்கள். நிறம் மாறினால் அது சூட்டின் குற்றம். மாறவே மாறாமல் சாம்பலும் கறுப்புமாக, கை வைத்தால் சொரசொரப்பாக இருந்தால் காற்றைத் தேட வேண்டியதுதான். நம் ஊர் கஞ்சன்பாக்கில் 1973 முதல் இருக்கும் மிதானி உலோக ஆலை தயாரிக்கிற டைட்டானியத்தைப் பற்றவைப்பவர்களுக்கு இந்த நிற வாசிப்பு இன்னும் கறார். வெள்ளியும் வைக்கோலும் பாஸ். வெள்ளைப் பொடி பூத்தால் வெட்டி எறிய வேண்டும். ஏறக்குறைய 400 டிகிரிக்குக் கீழே ஆறும் வரை அதற்கு ஆர்கான் போர்வை வேண்டும் என்பதால் டார்ச்சுக்குப் பின்னாலேயே இன்னொரு கேஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு போவார்கள்.

மூன்றாவது, நீங்களே செய்யும் சோதனை. நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டில் ஃபில்லர் கொடுக்காமல் ஒரே இடத்தில் ஐந்து நொடி ஆர்க் நிறுத்துங்கள். நிறுத்திய பின் டார்ச்சை அசைக்காமல் கேஸ் ஓடி முடியும் வரை பிடியுங்கள். பளிச்சென்ற பொட்டு விழுந்தால் கேஸும் டார்ச்சும் சரி; குற்றம் வேலைப் பொருளின் எண்ணெயிலோ பெயிண்ட்டிலோ துருவிலோ இருக்கிறது. பொட்டு கொதித்து, பொறி தெறித்து, கறுத்தால் பாதையில் கோளாறு. தகடு மாறாமல், கை மாறாமல் சோதிப்பதால் இதில் சாக்குப்போக்குக்கு இடமில்லை.

பாதைக்குள் போகுமுன் ஃபேன். இதை எழுதும்போது முதலாளிமாரையும் சேர்த்தே கூப்பிடுகிறேன். ஏப்ரல், மே மாதத்தில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கொட்டகைக்குள் தோல் கையுறையும் ஹெல்மெட்டுமாக உட்கார்ந்திருப்பவன் பெடஸ்டல் ஃபேனைத் தன் பக்கம் திருப்பாமல் என்ன செய்வான்? அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதி, கேஸ் போர்வையில் செய்யும் வெல்டிங்குக்குக் காற்று மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கக் கூடாது என்கிறது. பெடஸ்டல் ஃபேன் அதைச் சுலபமாகத் தாண்டும். ஏர் கூலர் தாண்டுவது மட்டுமல்ல, ஈரத்தையும் சேர்த்துத் தள்ளும். காலையில் வெள்ளியாக வந்த வெல்டு மதியம் கறுக்கிறது, சாயங்காலம் மறுபடி வெள்ளியாகிறது என்று ஒருவர் சொன்னால் நான் மெஷினைத் திறக்க மாட்டேன். மதியத்தில் ஃபேன் எங்கே நிற்கிறது என்றுதான் கேட்பேன்.

ஃபேனை அணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேர்த்து வழிந்து கண்ணில் உப்பிறங்கினால் கை நடுங்கும். அந்த வெல்டும் உருப்படாது. ஃபேனை முதுகுப் பக்கம் தாழ்வாக வையுங்கள். காற்று உடம்பில் பட வேண்டும், மேசையில் படக் கூடாது. ஃபேனுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு தகடோ பிளைவுட்டோ நிறுத்தினால் போதும். கூரைக்கு மேல் தென்னங்கீற்றோ வெள்ளைப் பூச்சோ போடுவது முதலாளியின் செலவு. அந்தச் செலவைச் செய்யாதவருக்கு வெல்டு கறுத்ததென்று தம்பியைத் திட்ட உரிமையில்லை என்பது என் கருத்து, கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம். சைட் வேலையில், நாலாவது மாடிப் படிக்கட்டில் ரயிலிங் போடும்போது ஜன்னல் வழியாகக் காற்று வரும். தெரு ஓரமாக உட்கார்ந்து கேட் செய்தால் லாரி ஒவ்வொன்றும் ஒரு வீச்சு வீசிவிட்டுப் போகும். அங்கெல்லாம் பெரிய கப்பும், கேஸை வலை வழியாகச் சீராக இறக்கும் காஸ் லென்ஸும் உதவும். ஒரு தார்ப்பாய் அதை விட உதவும்.

இனி பாதை. முதல் கேள்வி: ரெகுலேட்டரில் கிளம்பும் அளவும் கப்பில் வந்து சேரும் அளவும் ஒன்றா? இந்த ஒரு கேள்வி பாதித் தேடலை முடித்துவிடும். கப் நுனியில் வைத்துப் பார்க்கும் பென்சில் அளவு ஃப்ளோ மீட்டர் ஒன்று விற்கிறது. பட்டறைக்கு ஒன்று வாங்கி வையுங்கள். ரெகுலேட்டரில் 10, கப்பில் 6 என்றால் 4 லிட்டர் வழியில் போகிறது. மீட்டர் இல்லையென்றால், கப்பின் மேல் ஒரு ரப்பர் டியூபை இறுக்கமாக மாட்டி, மறுமுனையை, தண்ணீர் நிரப்பி வாளித் தண்ணீரில் கவிழ்த்த 2 லிட்டர் பாட்டிலுக்குள் விடுங்கள். 15 நொடியில் பாட்டில் தண்ணீர் முழுக்க வெளியேறினால் நிமிடத்துக்கு 8 லிட்டர். கேஸ் செக் பட்டன் இருக்கும் மெஷினிலோ, டார்ச்சிலேயே வால்வு இருந்தால் மெஷினை அணைத்துவிட்டோ மட்டும் இதைச் செய்யுங்கள். தண்ணீரின் பக்கத்தில் ஆர்க் தொடங்கும் பொறி வேண்டாம்.

அளவு காட்டும் கருவியே சில சமயம் ஏமாற்றும். கண்ணாடிக் குழாயில் குண்டு மிதக்கும் வகை நேர்மையானது: வழி அடைத்தால் குண்டு விழுந்துவிடும். அதை நேராக நிறுத்தி, குண்டின் நடுவைப் பார்த்து அளவு எடுக்க வேண்டும். சாய்ந்த ரெகுலேட்டர் சரியாகக் காட்டாது. முள் ஓடும் வட்டக் கடிகார வகை வேறு. அது உண்மையில் ஒரு சிறு துளைக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்தைத்தான் அளக்கிறது; அதை லிட்டர் என்று முகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். டியூப் எங்காவது மடிந்து முழுக்க அடைத்திருந்தாலும் முள் 10 லிட்டரில் அசையாமல் நிற்கும். கேஸ் நன்றாக வருகிறது, முள்ளைப் பாருங்கள் என்று என்னிடம் சண்டை போட்டவர்களின் டியூப் மேல் வெல்டிங் டிராலியின் சக்கரம் ஏறி நின்றதைக் கண்டிருக்கிறேன்.

கப்பில் அளவு குறைந்தால் கசிவு. சிலிண்டர் வால்வு, ரெகுலேட்டர் நட், ஹோஸ் கிளிப், மெஷினின் பின்பக்க நிப்பிள், முன்பக்க டார்ச் இணைப்பு என்று வரிசையாக சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பைண்டிங் கம்பியை முறுக்கி ஹோஸைக் கட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கம்பி இரண்டு இடத்தில் இறுக்கும், மீதி சுற்றில் இளகும். ராத்திரிக் கசிவைப் பிடிக்க ஒரு வழி: மெஷினை அணைத்து, ரெகுலேட்டரைத் திறந்தபடியே வைத்து, சிலிண்டர் வால்வை மட்டும் மூடிவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். உயரழுத்த முள் இறங்கியிருந்தால் சிலிண்டருக்கும் மெஷின் உள்ளே இருக்கும் சொலினாய்டு வால்வுக்கும் நடுவில் எங்கோ கசிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 46.7 லிட்டர் கொள்ளளவு சிலிண்டரை 150 பார் வரை நிரப்பினால் ஏறத்தாழ 7,000 லிட்டர் ஆர்கான். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் பதினாலரை மணி நேரம் ஆர்க் எரியும்; 18 என்றால் ஆறரை மணி நேரம். நிமிடத்துக்கு ஒரே ஒரு லிட்டர் கசிந்தாலும் இரவு 8 மணியிலிருந்து காலை 9 வரை 780 லிட்டர் போய்விடும். சிலிண்டரில் ஒன்பதில் ஒரு பங்கு, யாருக்கும் உபயோகமில்லாமல். இரவு வீட்டுக்குக் கிளம்பும்போது சிலிண்டர் வால்வை மூடுகிற பையனுக்கு அந்தப் பணத்தில் சம்பள உயர்வே கொடுக்கலாம்.

சொலினாய்டு பற்றி ஒரு வரி. பட்டனை அமுக்கியதும் மெஷினுக்குள் 'டக்' என்று சத்தம் கேட்டு, கேஸ் மட்டும் வரவில்லையென்றால் வால்வு வாயில் ஹோஸின் ரப்பர்த் தூள் அடைத்திருக்கும். சத்தமே இல்லையென்றால் மின்சாரப் பக்கத்துக் கோளாறு. அதற்கு மட்டும் மெஷினைக் கொண்டு வாருங்கள்.

கப்பிலும் ரெகுலேட்டரிலும் அளவு ஒன்றாகவே இருக்கிறது, ஃபேனும் இல்லை, ஆனாலும் கறுக்கிறது என்றால் டார்ச் தலையைக் கழற்றுங்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசிக் கதை அந்த ஒரு சாண் நீளத்துக்குள்தான் நடக்கிறது.

போன கோடையில் ஒரு ரயிலிங் பட்டறையில் 17 நம்பர் டார்ச். சிலிண்டர் மாற்றியாகிவிட்டது, ஹோஸ் மாற்றியாகிவிட்டது, டங்ஸ்டன் கம்பெனியும் மாற்றியாகிவிட்டது. நல்ல வெல்டு வேண்டுமென்று ஆசைப்பட்டுப் புதிதாக காஸ் லென்ஸ் வாங்கி மாட்டியதிலிருந்துதான் இந்தத் தொல்லை என்று தம்பி பேச்சுவாக்கில் சொன்னான். டார்ச்சை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கப்புக்கும் டார்ச் தலைக்கும் நடுவில் மயிரிழை வெளிச்சம். கேஸை மட்டும் ஓடவிட்டு, சாமி படத்திலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துவந்து அந்த இடுக்கில் காட்டினால் புகை வெளியே தள்ளப்படாமல் உள்ளே இழுபட்டது. கேஸ் வேகமாக ஓடுகிற இடத்தில் சிறு இடுக்கு இருந்தால் அது பக்கத்துக் காற்றை உறிஞ்சும். சாதா கோலெட் பாடிக்கு வெள்ளை நிறத்தில் ஒரு வளையம் வரும், அதன் நம்பர் 18சிஜி. காஸ் லென்ஸுக்கு வரும் வளையத்தின் உருவமே வேறு, நம்பர் 54என்01. பழைய வளையத்தைக் கழற்றாமல் புது லென்ஸை அதன் மேலேயே முறுக்கியிருந்தான். கடையில் லென்ஸை விற்றவர் வளையத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. வளையத்தை மாற்றியதும் அடுத்த வெல்டு தங்க நிறத்தில் வந்தது. 14-இல் இருந்த கேஸ் 7-க்கு இறங்கியது.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. பேக் கேப்பின் ஓ-ரிங் சூட்டில் வெந்து கடினமாகிவிடும். விரலால் நெருடினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். அது போனால் பின்னாலிருந்து காற்று இறங்கும். கேப்பையே தொலைத்துவிட்டு டேப் சுற்றி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்வது! கோலெட் பாடி சூட்டில் இளகும். ஆறிய பிறகு கையால் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். பீங்கான் கப்பில் விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது; நகத்தால் தட்டினால் சத்தம் மங்கும். காஸ் லென்ஸின் வலையில் தெறிப்பு ஒட்டியிருந்தால் கேஸ் ஒரு பக்கமாக வளைந்து போகும். டார்ச் கழுத்தில் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளே கேஸ் குழாயும் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

டார்ச்சிலேயே குமிழ் வைத்த 26 நம்பர் டார்ச் சின்னப் பட்டறைகளில் அதிகம். அதில் இரண்டு தொந்தரவு. குமிழின் தண்டைச் சுற்றியிருக்கும் சின்ன ஓ-ரிங் தேய்ந்து அங்கேயே கசியும். அதை விடப் பெரிது, ஆர்க்கை வெட்டிய கையோடு குமிழை மூடிவிடும் அவசரம். டங்ஸ்டனும் குட்டையும் இன்னும் சிவந்திருக்கும்போதே போர்வையை உருவிவிடுகிறோம். பத்து ஆம்பியருக்கு ஒரு நொடி என்பது பழைய கணக்கு: 80 ஆம்பியரில் ஓட்டினால் 8 நொடி. தானியங்கி மெஷினில் போஸ்ட் ஃப்ளோவை 2 நொடியில் வைத்து கேஸ் மிச்சம் பிடிக்கும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். 8 நொடிக்கு ஓடும் கேஸ் ஏறத்தாழ ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டரில் மிச்சம் பிடிக்கப் போய் ஒவ்வொரு வெல்டு முடிவிலும் டங்ஸ்டனைக் கருக்கி, அதைக் கிரைண்டரில் தேய்த்துத் தேய்த்து, வாரத்துக்கு ஒரு ராடைக் காலி செய்கிறார்கள்.

கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டார்ச்சைச் செங்குத்திலிருந்து 10, 15 டிகிரிக்கு மேல் சாய்த்தால் கேஸ் ஒரு பக்கம் வழிந்துவிட்டு, மறுபக்கம் காற்று நுழையும். சாதா கப்பில் டங்ஸ்டன் வெளியே நீட்டுவது கப்பின் உள்விட்டத்தைத் தாண்டக் கூடாது. ஃபில்லர் ராடின் சூடான நுனியை ஒவ்வொரு சொட்டுக்கும் நடுவில் கேஸுக்கு வெளியே இழுத்தால் அது எரிந்து அந்தக் கரியோடு குட்டைக்குள் வரும். நுனி எப்போதும் கப்பின் நிழலிலேயே இருக்கட்டும்.

சிலிண்டரைக் குறை சொல்லவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கடைசி மூச்சு வரை உறிஞ்சி, வால்வையும் திறந்து போட்டு அனுப்பினால், காலி சிலிண்டருக்குள் ஈரக் காற்று புகும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்கும்போதே மூடி அனுப்புங்கள். மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, நல்ல வெல்டு தந்த டார்ச்சில் சிலிண்டர் மாற்றிய அன்றிலிருந்து மட்டும் கறுத்தால், அப்போது சிலிண்டர்காரரைக் கூப்பிடுங்கள். உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்கும்.

பால் குழாய் வேலை எடுப்பவர்களுக்குத் தனியாக. லாலாபேட்டை விஜயா பால் பண்ணையால் அந்த மாதிரி வேலையின் பெயர் நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். குழாயின் வெளிப்பக்கம் வெள்ளியாக வந்தால் போதாது. உள்ளே ஆர்கான் விடாவிட்டால் வேர்ப்பக்கம் சர்க்கரைப் பாகு கொதித்துக் கறுத்த மாதிரி பொரிந்து நிற்கும். அந்தச் சொரசொரப்பில் பால் தங்கும், கிருமி வளரும், எந்தக் கழுவலிலும் போகாது. இரண்டு முனையையும் அடைத்து, ஒரு முனையில் ஆர்கான் விட்டு, மறுமுனையில் சின்னத் துளை வழியாக உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, அதன் பிறகு ஆர்க் தொடங்குங்கள். துளை வைக்க மறந்தால் உள்ளழுத்தம் கடைசிச் சொட்டில் குட்டையை உங்கள் முகத்தை நோக்கி ஊதித் துப்பும்.

ஆர்கான் உள்ளே விடும் பேச்சு வந்ததால் இதையும் சொல்லாமல் விட முடியாது. எஸ்.எஸ். தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பற்றவைக்கும் தம்பிகளே, ஆர்கானுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, இருமல் வராது. காற்றை விடக் கனம் என்பதால் தொட்டியின் அடியிலிருந்து நிறைந்துகொண்டே வரும். மூச்சு முட்டுகிறது என்று உடம்பு சொல்வது கரியமில வாயு சேர்ந்தால்தான். ஆக்சிஜன் குறைந்தால் உடம்பு சொல்லாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் உள்ளே இருக்கக் கூடாது. டார்ச்சைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒரு சிறு கசிவு போதும். மேலே ஒருவர் நிற்காமல் உள்ளே ஒருவர் இறங்கக் கூடாது. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற அவசரத்தில் பின்னாலேயே குதிப்பவரும் விழுவார். முதலில் ஊதும் ஃபேனை உள்ளே விடுங்கள், கயிற்றால் இழுங்கள். சில பிரேக் கிளீனர்கள், டிரைகுளோரோஎத்திலீன் போன்ற குளோரின் கலந்த திரவத்தால் துடைத்த பொருளை ஆர்க்குக்குக் கீழே கொண்டுவரவே வேண்டாம். அந்த ஆவியில் ஆர்க்கின் வெளிச்சம் பட்டாலே பாஸ்ஜீன் என்கிற விஷவாயு பிறக்கும். துடைக்க அசிட்டோன் போதும். அதையும் உலரவிட்டு, டப்பாவைத் தூரத்தில் வைத்துவிட்டு ஆர்க் போடுங்கள்.

முதலாளிமாருக்கு ஒரு விண்ணப்பம். ஒரு டப்பாவில் நாலு ஓ-ரிங், இரண்டு 18சிஜி, இரண்டு 54என்01, ஒரு பேக் கேப், இரண்டு கப், அரை டஜன் ஹோஸ் கிளிப் போட்டு டார்ச் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு சிலிண்டர் விலை வராது. பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளாதீர்கள். ஐந்து நிமிட வேலைக்கு நீங்கள் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தால் தம்பி மறுபடி குமிழைத்தான் திருகுவான்.

இத்தனையும் பார்த்த பிறகும் கறுத்தால் கொண்டு வாருங்கள். மெஷினைத் தூக்க வேண்டாம், டார்ச்சும் ரெகுலேட்டரும் போதும். டங்ஸ்டனைத் தேய்க்காமல், எரிந்தது எரிந்தபடியே டார்ச்சில் விட்டுக் கொண்டு வாருங்கள். கறுத்த வெல்டுத் துண்டு ஒன்றும் கூட வரட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் நான் கடையில் இருப்பதில்லை.

அன்புடன்,
மெட்டுகுடாவிலிருந்து ஒரு வெல்டிங் மெஷின் ரிப்பேர்காரன்